பூச்சி மருந்து எந்தப் பூச்சிக்கு?



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று சமையலைப் பற்றியும் இல்லை, குழந்தை வளர்ப்பைப் பற்றியும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அதிலே இடம் இருக்கிறது! எழுதியவர் ஓர் இளம் தாய். பி.காம். படித்தவர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆவதால் வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. அவர் ஊர் அச்சகத்தார் துண்டுப் பிரசுரங்களையும் சமையல் குறிப்புப் புஸ்தகங்களையும் வீட்டுக்கே அனுப்பி, டைப் செய்து பிழை திருத்தித் தரச் சொல்கிறார்களாம். "எல்லாம் சரிதான் அக்கா. 'நடைக் கையேட்டைப் பார்த்து எல்லாம் ஒரே மாதிரி செய்யுங்கள்' என்கிறார்கள். அது என்ன கையேடு? பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணணுமா?" என்று கேட்கிறார்.

மனப்பாடம் எல்லாம் வேண்டாம். இங்கே கிளிஞ்சல்மேட்டில் உட்கார்ந்துகொண்டு நானும் பல வருஷமாகச் செய்வது இதே புரூஃப் வேலைதான். முன்பு காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கட்டாக வாங்கி வருவேன். இப்போது போனிலேயே வந்து விழுகிறது. வேலை மட்டும் மாறவில்லை.

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு எந்தக் குழியில், சீரகம் எந்தக் குழியில் என்று ஒரு ஏற்பாடு இருக்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் நாத்தனார் வந்து தாளித்தாலும் தடுமாற மாட்டார். எழுத்து வேலையிலும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். கத்தரிக்காயா, கத்திரிக்காயா? கொத்தமல்லியா, கொத்துமல்லியா? சீரகமா, ஜீரகமா? இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ஆனால் ஒரே புஸ்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒன்றும் முப்பதாம் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தால், படிப்பவர் "இது வேற சாமானோ?" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். எதை எப்படி எழுதுவது என்று ஒரு தடவை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்வதுதான் நடைக் கையேடு.

வெளிநாடுகளில் இது அச்சுக்கூடத்துக்குள்ளேயே பிறந்த சமாசாரம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் ஹோரஸ் ஹார்ட் என்பவர் 1893-ல் தம் கம்போசிட்டர்களுக்காகச் சின்னப் புஸ்தகம் ஒன்று போட்டார். வெளியாட்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்ததால் 1904-ல் விற்பனைக்கே வந்தது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தார் 1906-ல் வெளியிட்ட கையேடு 2024-ல் பதினெட்டாம் பதிப்பு கண்டிருக்கிறது.

தமிழில் நமக்கு என்ன இருக்கிறது? 1992-ல் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' வந்தது. 2008-லும் 2020-லும் விரித்துப் போட்டார்கள். இன்றைக்கு எழுதுகிற தமிழில் ஒரு சொல்லை எப்படி எழுதுகிறார்கள், எந்த அர்த்தத்தில் எழுதுகிறார்கள் என்று பார்க்க அதுதான் கைக்கு அடக்கமான துணை. பிறகு 2001-ல் 'தமிழ் நடைக் கையேடு' வந்தது. மொழி அறக்கட்டளை, மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து கொண்டுவந்த புஸ்தகம். நிறுத்தக்குறி எங்கே வரும், எந்தச் சொல்லைச் சேர்த்து எழுதலாம், எதைப் பிரிக்கலாம், எங்கே ஒற்று மிகும் என்றெல்லாம் சொல்கிறது. கடிதம் எழுதிய சகோதரிக்கு அச்சகத்தார் சொன்ன கையேடு இதுவாகத்தான் இருக்கும். அல்லது அவர்களே நாலு பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எதுவானாலும் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

"ஒற்று மிகாவிட்டால் என்ன அக்கா, குடியா முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். 'கீரை கடை' என்றால் மத்தை எடுத்து மசிக்க வேண்டும். 'கீரைக் கடை' என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்! இடம் விடுவதும் அப்படித்தான். 'நல்லெண்ணெய்' என்றால் எள்ளில் ஆட்டியது. 'நல்ல எண்ணெய்' என்று பிரித்துவிட்டால், கடலை எண்ணெய்க்காரரும் தேங்காய் எண்ணெய்க்காரரும் அதில் பங்கு கேட்பார்கள். பெருங்காயத்தைப் பிரித்து 'பெரும் காயம்' என்று அச்சடித்த ஒரு குறிப்பைப் பார்த்திருக்கிறேன். சாம்பாருக்கு அது எதற்கு?

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சமைக்கிறவளுக்கு அனுபவம் இருப்பதால் குறிப்பு தப்பாக இருந்தாலும் குழம்பு சரியாகவே வந்துவிடும். மருந்து விஷயம் அப்படி இல்லை.

நம் டெல்டாப் பக்கத்தில் 'பூச்சி மருந்து' என்றால் என்ன? வயலில் அடிப்பது. "மருந்து குடிச்சிட்டா" என்று யாராவது ஓடி வந்தால் அடிவயிறு கலங்கிப் போகும். குழந்தை வயிற்றில் பூச்சி இருந்தால் கொடுப்பதற்கும் அதே பெயர்தான்! 2015 முதல் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேதிகளில் அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் மாத்திரை கொடுக்கிறார்கள். அல்பெண்டசோல் என்று பெயர். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் மாத்திரை முழுசாக ஒன்று. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, அதையும் பொடித்துத் தண்ணீரில் கலந்து. இதைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரத்தில் "குழந்தைகளுக்குப் பூச்சி மருந்து கொடுங்கள்" என்று தலைப்புப் போட்டு ஒரு தடவை என்னிடம் வந்தது. எந்த ஊர், யார் என்பது வேண்டாம். ஒற்று, கால், கொம்பு எல்லாம் சுத்தமாக இருந்தது. பிழை திருத்துபவர் கைவைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் அதைத் தாண்டிப் போகவில்லை. 'குடற்புழு நீக்க மாத்திரை' என்று மாற்றி அனுப்பினேன். "இது புஸ்தகத் தமிழ், ஜனங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தது. "அப்படியானால் பக்கத்திலேயே 'வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மாத்திரை' என்று போடுங்கள். 'பூச்சி மருந்து' மட்டும் வேண்டவே வேண்டாம்" என்று திரும்ப எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கே என் நோட்டில் ஏறிவிட்டது அந்தச் சொல்.

இதே ஜாதிதான் 'பேதி மருந்து'. பேதியை நிறுத்துவதற்கு மருந்தா, பேதியாவதற்கு மருந்தா? "குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்தேன்" என்று பாட்டி சொன்னால் விளக்கெண்ணெய் என்று அர்த்தம்! ஏற்கெனவே தண்ணீர் தண்ணீராகப் போய்த் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு இதைப் போய்க் கொடுத்தால் என்ன ஆகும்? ஆகையால் என் நோட்டில் 'வயிற்றுப்போக்கு' என்பதுதான் சொல். 'பேதி'க்கு அங்கே வேலையே இல்லை.

அளவுக்கு வருவோம். 'ஒரு கரண்டி' என்று எழுதுகிறவர்களை நான் விடுவதே இல்லை. எந்தக் கரண்டி? குழம்புக் கரண்டியா, பாயசக் கரண்டியா? தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர். மேசைக்கரண்டி என்றால் 15. மூன்று மடங்கு! வீட்டிலிருக்கும் ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதால், மருந்து என்றால் கரண்டிப் பேச்சே கூடாது. 'பாட்டிலுடன் வரும் மூடி அல்லது சிரிஞ்சில் 5 மி.லி.' என்றுதான் எழுத வேண்டும்.

அதுவும் போதாது. காய்ச்சலுக்கான பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் விற்கும் குழந்தைச் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 என்றும் உண்டு, 250 என்றும் உண்டு. 'பாரசிட்டமால் 5 மி.லி.' என்று மட்டும் எழுதினால், சிரப்பை எடுத்தவள் 125 கொடுப்பாள். சொட்டு மருந்தை எடுத்தவள் 500 கொடுத்துவிடுவாள். கைக்குழந்தைக்கு 500! அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் இருந்தது. 2011-ல் கம்பெனிகள் தாங்களே முன்வந்து, கைக்குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் ஒரே செறிவாக, 5 மி.லி.க்கு 160 மில்லிகிராம் என்று மாற்றினார்கள். நம் ஊரில் பாட்டில்கள் பலவிதமாக இருக்கும்வரை, மருந்தின் பெயர், சொட்டா சிரப்பா, எவ்வளவு செறிவு, எத்தனை மி.லி. என்று நான்கும் இருந்தால்தான் அந்த வரி முழுசான வரி. டாக்டர் சீட்டில் இவை இல்லாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு விதி போட்டது: மருந்தின் பொதுப் பெயரைப் புரியும்படி, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று. அதுவும் ஒரு நடைக் கையேட்டு விதிதானே?

புள்ளியும் பொல்லாதது. '.5' என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் 5 ஆகிவிடும். '5.0' என்று எழுதினால் 50 ஆகிவிடும். ஒன்றுக்குப் பத்து! அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கூட்டு ஆணையம் 2004-ல் 'இவற்றை எழுதாதீர்கள்' என்று ஒரு சிறு பட்டியலே போட்டது. அதில் இந்த இரண்டும் இருக்கின்றன. முன்னால் சுழி போட்டு 0.5, பின்னால் சுழி இல்லாமல் 5. சமையல் குறிப்பிலும் '1 1/2 கப்' என்பது இடம் நெருங்கினால் '11/2' ஆகிவிடுகிறது. நான் 'ஒன்றரை கப்' என்று எழுத்திலேயே போட்டுவிடுவேன். 'வேளை'யை 'வேலை' ஆக்கிவிடுகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

சொல்லையும் அளவையும் ஒழுங்கு செய்ததால் உயிர் பிழைத்த கதை ஒன்று சொல்கிறேன். நடந்தது நம் நாட்டிலும் பக்கத்து நாட்டிலும். 1971-ல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது, வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அங்கிருந்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்கள்தான். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 2022-ல் அந்த மகான் காலமானார்.

பிறகு 1980-ல் பிராக் என்ற பங்களாதேஷ் நிறுவனம், வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, உப்பும் வெல்லமும் கரைக்கக் கற்றுக்கொடுத்தது. பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கும் மேலான வீடுகள்! மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். படிக்காத தாயும் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று பாடத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக்கினார்கள். அந்த அரை சேர் வீட்டுச் செம்பில் எதுவரை வரும் என்று அவள் பாத்திரத்திலேயே கோடு போட்டுக் காட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? பிறகு வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாளா என்று சோதித்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி! எழுதுகிறவர்களுக்கும் இப்படிச் சம்பளம் என்று வைத்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோமோ!

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தாய்மார்கள் பாடத்தை நன்றாக ஒப்பித்தார்கள், ஆனால் கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தால், அந்த ஜனங்களுக்கு வயிற்றுப்போக்கில் நான்கு வகை, நான்கு பெயர். பாடத்தில் இருந்த பெயர் மிகக் கடுமையான வகைக்கு மட்டும் உரியது. "அந்த நோய் என் பிள்ளைக்கு வரவில்லையே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்றார்கள். நியாயம்தானே! பிறகு அந்த நான்கு பெயர்களையும் பாடத்தில் சேர்த்தார்கள்.

இன்றைக்கு நீங்கள் சிட்டிகையையும் கைப்பிடியையும் நம்ப வேண்டாம். அளந்து போட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது. ஆனால் பாக்கெட் வந்தும் வாக்கியம் திருந்தவில்லை! சென்ற வெயில் காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்குமான மீன்பிடித் தடைக்காலத்தில், ஆண்கள் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கரையில் இருந்த நேரம். எங்கள் தெருப் பெண்கள் குழுவுக்குக் கொடுப்பதற்காக ஒரு பிரசுரத்தின் புரூஃப் என்னிடம் வந்தது. "ஒரு பாக்கெட் கரைசல் பொடியைத் தேவையான அளவு நீரில் கலந்து அவ்வப்போது புகட்டவும்" என்று இருந்தது. பக்கத்து வீட்டு அத்தாச்சியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கருவாடு புரட்டிய கையோடு வந்து நின்றவர், "தேவையான அளவுன்னா எவ்வளவு தங்கச்சி? புள்ள குடிக்கிறதே ஒரு டம்ளருதான். டம்ளருல போட்டுக் கலக்கிப்புட வேண்டியதுதானே?" என்றார்.

ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு ஏறிவிடும். குழந்தைக்கு அது ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைப் பிரித்துப் போட்டாலும் அளவு கெடும். 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் கடையில் உண்டு என்பதால் 'ஒரு பாக்கெட்' என்பதும் அரைகுறைதான். அத்தாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாற்றினேன்:

"பாக்கெட்டின் மேல் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறது, பாருங்கள். 1 லிட்டர் என்றால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர் அளந்து எடுங்கள். பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்குங்கள். வேறு எதுவும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும், 2 வயதுக்குள் இருந்தால் 50 முதல் 100 மி.லி., 2 வயதுக்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, மெதுவாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மீந்த கரைசலை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்."

"லிட்டரு எப்படி அளக்கிறது?" என்றார் அத்தாச்சி. 'கடையில் வாங்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில்' என்று ஒரு வரி சேர்த்தோம். துத்தநாக மாத்திரைக்கும் 'வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள் கொடுங்கள்' என்று போட்டோம். குழந்தை கண் குழிந்து, துவண்டு, குடிக்க முடியாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரி என்பதைக் கடைசியிலிருந்து எடுத்துத் தலைப்பில் கட்டம் போட்டு வைத்தோம். கட்டமும் நடைதான்!

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் ஓரிரண்டு வார்த்தை. கையேடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அதற்கு மேலே உங்களுக்கென்று ஒரு நோட்டு வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும், அகர வரிசையில். இடது பக்கம் 'இப்படி', வலது பக்கம் 'இப்படி வேண்டாம்'. முடிவு செய்த தேதியும் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களுக்குத் தனிப்பக்கம் கட்டாயம். எங்கள் ஊரையே 'கிளிஞ்சல் மேடு' என்று பிரித்தும், 'கிளிஞ்சமேடு' என்று தேய்த்தும் எழுதுகிறார்கள். ரேஷன் கார்டில் ஒன்று, பாங்கு புஸ்தகத்தில் ஒன்று என்று இருந்தால் அலைவது பெண்கள்தான்.

இன்னொரு பக்கம், விதிப்பித்துப் பிடித்தும் அலையாதீர்கள். எங்கள் பிரதேசத்தில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்பதுதான் சர்க்கார் பெயர். திருநள்ளாறு கொம்யூன், நெடுங்காடு கொம்யூன். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் போனாலும் சொல் தங்கிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் புரூஃப்காரர்கள் இதைப் பிழை என்று நினைத்து 'ஊராட்சி ஒன்றியம்' என்று திருத்திவிடுகிறார்கள்! மீன் பெயரிலும் இதே வம்புதான். ஒரு ஊர் மத்தி இன்னொரு ஊரில் சாளை. ஒரு ஊர் வஞ்சிரம் இன்னொரு ஊரில் சீலா. சமையல் குறிப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதை முதல் தடவை மட்டும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். யாராவது பேசியதை அப்படியே கொடுத்திருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அத்தாச்சி 'டம்ளருல' என்றால் 'டம்ளருல'தான்.

கடைசியாக ஒரு வழக்கம். பக்கம் முழுவதும் படித்து முடித்த பிறகு, எண்களை மட்டும் தனியாக ஒரு தடவை பாருங்கள். அந்தக் காலத்து அச்சகங்களில் காப்பி ஹோல்டர் என்று ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார், மற்றவர் புரூஃபைப் பார்ப்பார். உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பிடியுங்கள். மாமியாரோ, பள்ளிக்கூடம் போகும் கொழுந்தனாரோ, யாரானாலும் சரி. குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். எண்ணைப் படிக்கிறபோது 'ஐம்பது' என்று சொல்ல வேண்டாம், 'ஐந்து, சுழி' என்று சொல்லச் சொல்லுங்கள்.